அம்பாசிடரின் டிரைவ் ஷாஃப்ட்: தேய்ந்த கிராஸை மாற்றும் முறை

கிளட்சை விட்டு வண்டி நகரும் அந்த நொடியில் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மறுபடியும் அதே சத்தம், மெதுவாகப் போகையில் சுருதி பிசகாத ஒரு கீச்சொலி: இவை மூன்றும் சேர்ந்து வந்தால், அம்பாசிடர் வைத்திருப்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவ் ஷாஃப்டின் கிராஸைத்தான், அதாவது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டை. 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால் முழு ஷாஃப்டையும் தேடி அலைய வேண்டுமோ என்று பலர் மலைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் கிராஸை மட்டும் மாற்றினாலே போதும்.

கியர்பாக்ஸ் சேஸிஸோடு நிற்கிறது. பின் ஆக்சிலோ பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்குகிறது. இடையில் சுழலும் குழாய் இந்த அசைவுக்கு வளைந்து கொடுப்பதற்காக இரண்டு முனைகளிலும் சிலுவை வடிவில் ஒரு கிராஸ் இருக்கும். அதன் நான்கு கைகளும் ஊசி பேரிங் நிறைந்த நான்கு கப்புகளுக்குள் உட்கார்ந்திருக்கும். கிரீஸ் வற்றினால் ஊசிகள் கையில் பள்ளம் விழச் செய்யும்; கப்பின் விளிம்பைச் சுற்றித் துருநிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அறியலாம்.

கழற்றுவதற்கு முன் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலின் இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அது பின் ஆக்சிலோடு போல்ட்டால் இணையும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் கிராஸ் போய்விட்டது. இரண்டும் ஒன்றாகவே ஆடி, அதற்கு அப்பால் பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்குள் சத்தம் கேட்டால் அது அங்குள்ள பல்சக்கரங்களான கிரவுன்-பினியனின் தேய்மானம். கிராஸை மாற்றி அது தீராது.

ஸ்பேனர் எடுக்கும் முன், ஃபிளாஞ்சுகள் இரண்டின் மேலும் உளியால் அல்லது பெயின்ட்டால் ஒரே கோட்டில் அடையாளம் இடுங்கள். பற்கள் கோத்து முன்னும் பின்னும் சறுக்கும் ஸ்ப்லைன் பகுதியிலும் அப்படியே. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோணத்தில் சுழலும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஷாஃப்டை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் ஓட்டும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனையிலுள்ள கிராஸ் சரிசெய்ய வேண்டுமானால் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். முதல் முறை அடையாளமிடாமல் கழற்றிய நான், ஸ்ப்லைனை ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டு, புதுக் கிராஸ் போட்டும் வண்டி ஏன் நடுங்குகிறது என்று இரண்டு நாள் தேடினேன்.

ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டும், ஷாஃப்டைத் திருப்பும்போது நியூட்ரலில் வைத்து அதை விடுவித்தும் வேலை செய்யலாம். பழைய வண்டிகளில் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒட்டவைத்தால் முனைகள் மழுங்கும். முன்முனை கியர்பாக்ஸுக்குள் செருகியிருக்கும் வகையாக இருந்தால், உருவியதும் ஆயில் ஒழுகும்; கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டை வைஸில் பிடிக்கும்போது யோக்கைத்தான் இறுக்க வேண்டும். குழாயை இறுக்கினால் நசுங்கி பேலன்ஸ் போய்விடும். அழுக்கைத் துடைத்து, கப்புகள் நழுவாமல் பிடித்திருக்கும் நான்கு லாக் ரிங்குகளையும் எடுங்கள். வர மறுத்தால் கப்பை லேசாக உள்நோக்கித் தட்டினால் ரிங் தளரும். பின்பு கப்பைவிடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், கப் நுழையுமளவு பெரியதை மறுபக்கமும் வைத்து வைஸை நெருக்கினால் எதிர்ப்பக்கக் கப் வெளியே நீளும். பிளேயரால் பிடித்துத் திருகி எடுக்கலாம். இந்தக் கட்டத்தில் யோக்கின் துளைகளைப் பாருங்கள். துளை நீள்வட்டமாகி, புதுக் கப் கையாலேயே உள்ளே நழுவினால் கிராஸ் வாங்கும் காசு வீண். அப்போது யோக்கை அல்லது முழு ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.

புதிய கிராஸைப் பொருத்துவதில்தான் பொறுமை தேவை. கிரீஸ் அடிப்பதற்கான முனையான நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் திசையில் இருக்கட்டும். கப்புகளுக்குள் ஊசிகள் அனைத்தும் நிமிர்ந்து நிற்கும்படி கிரீஸைத் தடவி, கிராஸின் கையை உள்ளே நுழைத்துப் பிடித்தபடியே நெருக்குங்கள். லாக் ரிங்கின் பள்ளம் தெரிவதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பே கப் நின்றுவிட்டால், ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் சுத்தியலை எடுக்காமல் கப்பைக் கழற்றி ஊசியை நிமிர்த்துங்கள். ரிங்குகளைப் போட்டபின் கிராஸ் இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதுகளில் மரச் சுத்தியலால் தட்டினால் தளர்ந்துவிடும்.

அடையாளக் கோடுகளைச் சேர்த்து, புதிய நட்டுகளைப் போட்டு, குறுக்குக்குறுக்காக முறுக்குங்கள். கிரீஸ் கன்னால் நான்கு கப்புகளின் ஓரத்திலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். ஆயில் ஒழுகியிருந்தால் கியர்பாக்ஸில் அளவு பார்த்து ஊற்றுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்தி, அந்த நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க மறவாதீர்கள்.