கொள்ளுப்பாட்டி படத்தில் இருக்கிற ஜாக்கெட்டைத் தைக்க

வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வந்தால் "பழைய காலத்து லுக்" கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். செல்போனில் ஒரு படத்தை நீட்டுவார்கள். கழுத்தில் இரண்டு அடுக்கு லேஸ், முதுகில் ஜன்னல், கீழே குஞ்சம் தொங்கும் நாடா. "1920 மாதிரி வரணும்க்கா." முதுகைத் திறந்து விட்டுவிட்டு முன்னால் எத்தனை முழம் லேஸ் வைத்தாலும் 1920 வராது. அந்தக் காலம் இருப்பது தோளும் கையும் சேருகிற இடத்தில்.

அதனால் நான் முதலில் கேட்பது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டூடியோ படத்தைத்தான். நாற்காலியின் மேல் ஒரு கை வைத்து, சிரிக்காமல் நிற்கும் கொள்ளுப்பாட்டி யார் வீட்டிலாவது இருப்பார். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் முடி தொடங்குகிற இடத்திலிருந்து முகவாய் வரை சுமார் ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தில் அது ஓர் அங்குலம் இருந்தால், மற்ற அளவுகளை ஏழால் பெருக்கினால் போதும். கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் ஏறக்குறைய கிடைத்துவிடும். நான் பார்த்த படங்களில் கை முழங்கை வரை வருகிறது, கழுத்து மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை, வயிறு தெரிவதே இல்லை.

நிறத்தில் மட்டும் படத்தை நம்பாதீர்கள். நான் நம்பி ஏமாந்தேன். ஒரு பெண் கொண்டுவந்த படத்தில் ஜாக்கெட் கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்பு கேம்பிரிக் பருத்தித் துணி வாங்கி வெட்டி, ஒரு கையும் ஏற்றிவிட்டேன். மறுநாள் அவளுடைய பெரிய அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ஜாக்கெட்டின் கிழிசல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அரக்குச் சிவப்பு! அந்தக் காலத்து போட்டோ கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். ஆகவே படத்தில் கறுப்பாக இருந்தால் அரக்கு, குங்குமச் சிவப்பு என்று யோசியுங்கள்; வெளிறி இருந்தால் நீலமாகவும் இருக்கலாம். சில படங்களில் சரிகைக்குத் தங்க நிறம் பூசியிருக்கும். அது பெயிண்டர் கை, நெசவாளி கை இல்லை.

துணி, கேம்பிரிக் அல்லது பாப்ளின். வாயில் (voile) என்ற மெல்லிய துணி தொய்ந்துவிடும், பட்டு முதல் முயற்சிக்கு வேண்டாம். 36 அங்குல மார்பளவுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் எடுங்கள். "ஒரு மீட்டர் போதாதா?" என்பார்கள். கைக்கே பாதித் துணி போகும்.

உடம்புப் பகுதி சுலபம். இன்றைய பிரின்சஸ் கட், கட்டோரி கட் இரண்டையும் மறந்துவிடுங்கள். மார்புச் சுற்றோடு நாலு அங்குலம் தளர்வு, இடுப்புக்கு மேல் இரண்டு சின்ன டாட் (உடம்போடு படிய முக்கோணமாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), பதினாறு அங்குல உயரம். லைனிங் வேண்டாம். முன்பக்கப் பட்டியில் ஹூக் அல்லது காஜா எடுத்துப் பட்டன். ஜிப் வைத்தால் கதை கெட்டது, அது உடுப்புகளில் பரவியதே 1930களில்தான்.

இப்போது கை. ஐரோப்பாவில் 1895 வாக்கில் கை பலூன் போல ஊதி, 1900க்குப் பிறகு தோளில் வற்றி, உப்பலெல்லாம் மணிக்கட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. நம்மூர் ஜாக்கெட்டில் அந்த உப்பல், அதாவது பஃப், அதற்குப் பிறகும் தோளிலேயே உட்கார்ந்திருந்தது. உங்கள் சாதாரணக் கையின் பேப்பர் பேட்டர்னை எடுத்து, மேலிருந்து கீழாக ஐந்து கோடு போடுங்கள். கோடுகளை வெட்டுங்கள், ஆனால் கீழ் விளிம்பில் நூலளவு ஒட்டியிருக்கட்டும். ஒவ்வொரு வெட்டையும் மேலே ஓர் அங்குலம் விரித்தால், விசிறி போல ஐந்து அங்குலம் கூடும். கை உச்சியையும் ஒன்றேகால் அங்குலம் உயர்த்தி வளைத்து வரையுங்கள்.

அடுத்ததைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பஃப் கை வைக்கும்போது தோளை இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் பஃப் தோள் எலும்பைத் தாண்டி வழிந்து தலையணை மாதிரி தொங்கும். உச்சியில் நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூலை மட்டும் இழுங்கள். சுருக்கு முழுவதும் தோள் தையலுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று அங்குலத்துக்குள் அடங்கட்டும். அக்குள் பக்கம் ஒரு சுருக்குகூட வரக்கூடாது. உள்ளே ஏழு அங்குல நீளத்துக்கு ஆர்கண்டி என்ற விறைப்பான துணித் துண்டை இரண்டாக மடித்துத் தைத்துவிட்டால், சாயங்காலம் வரை கை நிற்கும்.

லேஸ் வைத்தே ஆகவேண்டும் என்றால் காட்டன் லேஸ், அரை அங்குலம், கழுத்திலும் கை முடிவிலும் மட்டும். நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் கற்றுக்கொடுத்தார். அந்த மெல்லிசான கைவேலையைப் பார்த்தவர்களுக்கு நைலான் லேஸைத் தொடக் கை வராது.

சேலை கண்டாங்கியோ சுங்குடியோ, ஃபால்ஸ் வைக்காதது. கணுக்கால் தெரிகிற உயரத்தில் கட்டுங்கள். முந்தானையைத் தோளில் ஒரு புரூச்சால் குத்தி, நடு வகிடு எடுத்துப் பின்னினால் சரி. ஆண்களுக்குக் கழுத்து மூடிய கோட்டும் தலைப்பாகையும் போதும், அவர்கள் பாடு எப்போதும் சுலபம்தான்.

போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றப் போகிறீர்கள் என்றால், எடிட்டிங்கில் சிவப்பை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். நெற்றிக் குங்குமம் மைப்பொட்டு மாதிரி கறுத்துப்போகும். கொள்ளுப்பாட்டி நெற்றியில் இருப்பதும் குங்குமம்தான்.