ஃபைபர் வள்ளத்தின் எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் தேர்ந்தெடுக்கும் முறை

உவரியிலும் இடிந்தகரையிலும் ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர்கள் வேகம் குறைந்தால் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். புரொப்பெல்லரை எவரும் சந்தேகிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கடைக்காரர் பேச்சை நம்பிப் பிட்ச் கூடிய ஒன்றை மாட்டி, வலையோடு திரும்பும்போதெல்லாம் எஞ்சின் திணறுவதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

புரொப்பெல்லரின் நடுக்குடத்திலோ இதழின் அடியிலோ 9¼ × 9 என்பதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி ஏறுவதுபோல, தண்ணீரில் வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுவே பிட்ச். பிட்ச் கூடினால் எஞ்சினுக்குச் சுமை கூடிச் சுற்று குறையும். பிட்ச் குறைந்தால் சுற்று ஏறும்.

ஆகவே, முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய டேக்கோமீட்டர் (சுற்றைக் காட்டும் கருவி) போதும். வெறும் வள்ளத்தில் சோதிப்பதில் பயனில்லை. வழக்கமாகப் போகும் ஆட்கள், வலை, ஐஸ், எண்ணெய் அத்தனையும் ஏற்றிக்கொண்டு, அலை அடங்கிய காலை நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் எஞ்சினின் கையேடு 4500 முதல் 5500 சுற்று என்று கூற, சுமையோடு 4300தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலப் பிட்சுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று மாறும் என்பதால், 2 அங்குலம் குறைந்ததை மாட்டினால் எல்லைக்குள் வந்துவிடும். பின்னர் சுமையில்லாமலும் ஓட்டி, 5500ஐத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்று குறைந்தே ஓடும் எஞ்சினில், அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுவதில், கரி விரைவில் படியும்.

மணலில் ஏற்றி இறக்கும் வள்ளத்துக்கு அலுமினியமே என் தேர்வு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதழ் வளையாமல் நன்றாக இழுக்கும் என்பது உண்மை. ஆனால் பாரில் (கடலடிப் பாறையில்) மோதினால், வளைந்து கொடுக்காத அந்த இதழ் அடியைக் கியருக்கே அனுப்பிவிடும். மூன்று இதழ் பொதுவான வேலைக்குப் போதும். வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்று தண்டின் பல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒரே குதிரைத்திறனாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் அது வேறுபடலாம்.

எஞ்சின் அலறியும் வள்ளம் நகரவில்லையென்றால், புதிது வாங்குமுன் புரொப்பெல்லரின் உள்வளையத்துக்கும் வெளிக்குடத்துக்கும் நடுவிலுள்ள ரப்பர் புஷ்ஷைச் சோதியுங்கள். உள்வளையத்திலிருந்து வெளிக்குடம் வரை பெயின்டால் ஒரே கோடு இழுத்து ஓட்டிப் பார்த்தால், புஷ் வழுக்குகிறபோது கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

மாற்றும்போது முதலில் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். புரொப்பெல்லரை உருவியதும் தண்டின் அடியில் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கியருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற வளையத்தை அது அறுத்திருந்தால், கியர் ஆயில் பால்போல் வெளுத்து வரும்.