கூட்டத்தில் பேசாதவரையும் விட்டுவிடாதீர்கள்

ஏரி, சாக்கடை, நிலம் என்று எதற்காவது ஊரில் ஆள் திரட்டப் போகிறீர்களா? முதலில் "மைக் பிடிக்க வராதவனுக்கு அக்கறை இல்லை" என்கிற பேச்சை நிறுத்துங்கள். அக்கறை எல்லோருக்கும் இருக்கிறது, சுபாவம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கலகலப்பானவர்கள்தான் கூட்டம், ஊர்வலம் என்று அதிகம் வருகிறார்கள், வாக்குவாதம் பிடிக்காதவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. சரி, ஒதுங்குபவரை என்ன செய்வது? தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய், "எந்த வேலை உங்களுக்குச் சுத்தமா ஆகாது?" என்று கேளுங்கள். அதைத் தவிர மற்றதைக் கொடுங்கள்.

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு எதிரான போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் சேலம் பக்கம் வயலில் நட்ட அளவைக் கற்களைப் பிடுங்கிப் போட்டவர்கள் இருந்தார்கள், பத்திரமும் பட்டாவுமாக வக்கீலிடம் நடந்தவர்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் நிலம் எடுக்கும் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது என்றாலும், வழக்கு அதுவரை போனது. கோபத்தால் மட்டும் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

அதனால் அமைதியான, கணக்காக இருக்கிற ஆளிடம் தகவல் அறியும் உரிமை மனுவை ஒப்படையுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி, 30 நாளில் பதில் வராவிட்டால் மறுநாளே மேல்முறையீட்டுக்கு உட்காருவது அவர்தான். வாயாடி அண்ணனைச் சேலம் அம்மாப்பேட்டை தறிவீடுகளுக்கு வீடு வீடாக அனுப்புங்கள். யாரோடும் முறைத்துக்கொள்ளாத அக்கா இருந்தால், எதிர்ப்பு சொல்கிற கடைக்காரரிடம் அவரே பேசட்டும். பயப்படுகிறவரிடம் போலீஸ் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிடுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

அப்புறம், வராததற்கெல்லாம் சுபாவத்தைக் காரணம் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி வர வேண்டுமென்றால் அன்றைய கூலி போச்சு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்களே மேலே போய், மனுவை வாசித்துக் காட்டி, அவர் வீட்டு வாசலிலேயே கையெழுத்து வாங்குங்கள்.