ஸ்வான் பள்ளத்தாக்கு: முதலில் ஆறு, பிறகு திராட்சைத் தோட்டம்

சிங்கப்பூரிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், சாலையிலும் நம்மைப்போல் இடப்பக்கம்தான். நகரிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் ஸ்வான் பள்ளத்தாக்கு. நானும் கணவரும் மூன்று முறை போய்வந்துவிட்டோம்.

அறுவடையைப் பார்க்கவேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச். ஆனால் அப்போது வெயில் கொளுத்தும், ஆற்றில் பாறைதான் மிஞ்சும். செப்டம்பரில் போங்கள் என்பேன். குளிர்கால மழைநீர் இன்னும் ஓடும், காட்டுப் பூக்கள் மலர்ந்திருக்கும், வெட்டிவிட்ட கொடிகளில் தளிர் எட்டிப்பார்க்கும்.

காலையில் ஆற்றுக்குப் போய்விடுங்கள். வாலியுங்கா தேசியப் பூங்காவில் அவான் ஆற்றோடு ஊரலூ ஓடை கலக்கிறது. அங்கிருந்துதான் ஆற்றுக்கு ஸ்வான் என்று பெயர். சற்றுக் கீழே பெல்ஸ் ரேப்பிட்ஸில் தண்ணீர் பாறைகளில் மோதி நுரைக்கும். பாலத்தில் நின்றால் பேசுவது காதில் விழாது. ஈரப் பாறையில் கால்வைக்காதீர்கள்.

பிற்பகலில் ஒயின் சுவைக்க ஒரே ஒரு குடும்பத் தோட்டம் போதும். ஒரே நாளில் நான்கைந்து இடங்களுக்கு ஓடினால் எதுவும் நாக்கில் நிற்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோஷியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே ஒயின் செய்கிறார்கள். சிறிய இடங்கள் சில வார இறுதியில்தான் திறக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் ஊற்றிக் கொடுத்த மூதாட்டியின் விரல்களில் வெட்டுத் தழும்புகள். குளிர்காலம் முழுக்கக் கத்தரித்த கை அது. அவரிடம் கொடியைப் பற்றிக் கேளுங்கள், விலையைப் பிறகு கேட்கலாம்.

செனின் பிளாங்க், வெர்டெலோ போன்ற வெள்ளை ஒயினில் தொடங்கிச் சிவப்புக்குப் போங்கள், இனிப்பானது கடைசியில். சுவைத்துவிட்டுத் துப்ப மேசையிலேயே பாத்திரம் இருக்கும். துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. கார் ஓட்டுபவர் தொடாமலே இருப்பது நல்லது. அங்கே ரத்தத்தில் 0.05 விழுக்காடுதான் வரம்பு, நம் ஊரில் 0.08.

கேட்காமல் கொடிகளுக்கிடையே நடக்காதீர்கள். திராட்சையின் வேரை அரிக்கும் பில்லாக்சரா பூச்சி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை வரவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணில்கூட அது வந்துவிடலாம். வீட்டிலிருந்து பழமோ கறிவேப்பிலையோ கொண்டுபோகவேண்டாம். வேறு தின்பண்டம் இருந்தால் வருகை அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

திரும்பும்போது, சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்த, 18 வயது நிறைந்தவர் வேறு மது வாங்காவிட்டால் 2 லிட்டர் ஒயின் வரியின்றிக் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி என்றால் ஆளுக்கு இரண்டு. கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் போய்விடும். பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். என் பழைய சுங்குடிப் புடவை ஒன்று இதற்கென்றே ஒவ்வொரு முறையும் எங்களோடு வருகிறது.