பழைய கார் வாங்குகிறீர்களா? விளம்பரத்தை அழிக்க வேண்டாம்

“ஒரே ஓனர், 60,000 கிலோமீட்டர், அடிபடாத வண்டி” என்று விளம்பரம். உப்புவெளியில் மச்சானுக்காகப் பார்க்கப் போனேன். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பே தெரிந்தது. 60,000 ஓடிய வண்டிக்கு அவ்வளவு தேயாது. கால் விரிப்பைத் தூக்கினால் துரு, அதற்கு மேல் புதுக் கறுப்புப் பெயின்ட். திருகோணமலைக் கடற்காற்றுக்குத் துரு வரும், சரி. அதை மறைத்து விற்பதுதான் பிழை. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

வாங்கிய பிறகு தெரிந்தால்? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். திருத்தினால் சாட்சியே போய்விடும். முதலில் நம்பிக்கையான கராஜில் குறைகளை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம்.

விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரி பொய்யான விவரம் சொல்லி விற்கக் கூடாது. தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். “பார்த்துச் செய்வோம் தம்பி” என்று அவர் இழுத்தடிப்பதை நம்பி இந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

தனியாளிடம் வாங்கியிருந்தால் வழி வேறு. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

இன்னும் காசு கொடுக்கவில்லையா? ரசீதிலேயே கிலோமீட்டரையும் “அடிபடவில்லை” என்பதையும் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள்.