குளிரில் ஓடும், வெயிலில் உறையும்: பொலொக்சமர் கரைசல் செய்யும் முறை

பாடசாலைக் கண்காட்சிக்காகப் பொலொக்சமர் 407 என்ற, நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறுகளால் ஆன செயற்கைத் தூளைக் கரைக்க முயன்று மூன்று நாள்களை வீணாக்கினேன். நான்காம் நாள் கைகூடிய முறை இது.

20 கிராம் தூள், 80 கிராம் காய்ச்சி வடித்த நீர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஆகியவை போதும். மின்கலக்கியைத் தொடவே வேண்டாம். நுரை கட்டினால் அடங்க ஒரு நாள் பிடிக்கும்.

முதலில் நீரை மட்டும் போத்தலில் ஊற்றி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். சூடான நீரில் எதுவும் விரைவாகக் கரையும் என்பது சீனி பழக்கிவிட்ட எண்ணம். இந்தத் தூளின் குணம் நேரெதிர். திருகோணமலையில் சித்திரை மாதத்து நண்பகலில் அறைக்குள்ளேயே 30 பாகை தாண்டிவிடுகிறது. அந்த வெதுவெதுப்பான நீரில் தூளைக் கொட்டியதும் ஒவ்வொரு திரளின் மேற்புறமும் பசையாகி உள்ளே நீர் புகாமல் அடைத்துக்கொண்டது. பிட்டுப் பார்த்தால் நடுவில் உலர்ந்த தூள் அப்படியே இருந்தது. எனவே குளிர்ந்த நீரின் மேல் சிறிது சிறிதாகத் தூவி, மூடி, மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இடையிடையே மெதுவாகச் சரித்துவிட்டால் போதும். மறுநாள் தெளிந்திருக்கும்.

இனிப் போத்தலை வெளியே எடுத்துச் சரியுங்கள், ஓடும். மேசையில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தலைகீழாகக் கவிழுங்கள், அசையாது. 20 சதவீதக் கரைசல் ஏறத்தாழ 25 பாகையை அண்மித்ததும் கட்டியாகிறது. மீண்டும் குளிரவைத்தால் இளகிவிடும். 10 சதவீதத்தில் இது நடக்காது.

ஏன்? பொலொக்சமர் மூலக்கூறான சங்கிலியின் இரு முனைகளும் நீரை விரும்புபவை. நடுத்துண்டோ வெப்பம் ஏற ஏற நீரை வெறுக்கிறது. நடுத்துண்டுகள் ஒன்றுகூடி உள்ளே ஒளிய, முனைகள் வெளியே விரிய, நுண்ணிய உருண்டைகள் உருவாகின்றன. கோணேசர் நகர்வலத்தன்று கூட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: யாரும் யாரையும் கட்டிவைக்கவில்லை, ஆனாலும் ஓர் அடி நகர முடியாது. உருண்டைகளின் நிலையும் அதுதான். பலமாகத் தட்டினால் நெரிசல் குலைந்து மொத்தமாக வழுக்கும்.

இதை உறுதிசெய்ய இன்னொரு போத்தலில் நீருக்குப் பதிலாக 70 சதவீத எதனோலை எடுங்கள். (அடுப்புக்கு அருகில் வேண்டாம், தீப்பற்றும்.) அந்தக் கரைப்பான் நடுத்துண்டுக்கும் இணக்கமானது. ஒளியத் தேவையில்லாததால் உருண்டைகளும் இல்லை, நெரிசலும் இல்லை. மேசைமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பொருளும் அளவும் ஒன்றே, கரைப்பான் மட்டும் வேறு. இரண்டையும் அருகருகே கவிழ்த்துக் காட்டியபோது பிள்ளைகள் போத்தலைக் கையிலிருந்து விடவில்லை.

பிற்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி, தம் கரைசல் பெட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதாக எழுதியிருந்தார். விசாரித்தால், வீட்டுக் கிணற்று உவர்நீரை ஊற்றியிருக்கிறார். உப்பு, கட்டியாகும் வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடும். கடலோரக் கிணற்று நீர் வேண்டாம்; வாகன மின்கலத்துக்கு விற்கும் வடிநீரை வாங்குங்கள், அமிலம் கலந்ததை அல்ல.