‘தி அவேக்கனிங்’ நாவலை வகுப்பில் விவாதிப்பது எப்படி?

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினின் ‘தி அவேக்கனிங்’ (‘விழிப்பு’, 1899) பாடமாக வந்தால், பத்தே நிமிடத்தில் வகுப்பு பஞ்சாயத்தாகிவிடும். கணவர் வீட்டை விட்டுத் தனியே போகும் நாயகி எட்னா செய்தது சரியா, பெற்ற பிள்ளைகளை ஒருத்தி இப்படி விடலாமா என்று ஆளுக்கொரு தீர்ப்பு. புத்தகத்தை யாரும் திறந்திருக்க மாட்டார்கள், மணி அடித்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பதில்லை. அதை முதலில் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். அதனால் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

50 நிமிட வகுப்புகள் இரண்டு வேண்டும். நாவல் சிறியது, 39 அத்தியாயங்கள். குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுதும் படித்துவிட்டு, தன்னைத் தொந்தரவு செய்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் எழுதி எடுத்து வரட்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் என்பதால் அத்தியாய எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். முடிவில் எட்னா கடலில் இறப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பகுதியைப் பேச முடியாதவர்கள் எழுதித் தரலாம்.

முதல் வகுப்பு முழுவதையும் 3ஆம் அத்தியாயத்துக்கே கொடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எட்னா குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் கிராண்ட் ஐல் தீவு, இரவு பதினொரு மணி. ஹோட்டலிலிருந்து திரும்பும் கணவர் லியோன்ஸ், தூங்கும் மனைவியை எழுப்பிப் பேசுகிறார். பிள்ளைகளுக்கு வாங்கி வருவதாகச் சொன்ன தின்பண்டத்தை மறந்துவிட்டார். ஆனால் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, கவனிக்கவில்லை என மனைவியைக் கடிந்துகொள்கிறார். பிறகு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். எட்னா வெளியே போய் உட்கார்ந்து அழுகிறாள். கொசுக்கடி தாங்காமல்தான் உள்ளே வருகிறாள். மறுநாள் காலை அவர் பணம் தருகிறார். சில நாளில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழமும் தின்பண்டமும் வருகிறது. இவரைப் போல் கணவர் உண்டா என்று மற்றப் பெண்கள் மெச்ச, எட்னாவும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

இனி ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒரே கேள்வி: லியோன்ஸ் செய்த குற்றம் என்ன? பேசுவதற்கு முன் மூன்று நிமிடம் எழுத வேண்டும். இதை விட்டால் எப்போதும் பேசும் இரண்டு பேர்தான் பேசுவார்கள். பதில் எழுத எல்லோரும் திணறுவார்கள், ஏனென்றால் வில்லன் கிடைக்க மாட்டார். எட்னா கணவரை மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டு அழவில்லை என்று கதைசொல்லியே சொல்கிறார். அப்படியானால் அழுகை எங்கிருந்து வந்தது? வகுப்பு மௌனமானால் உடனே உதவிக்குப் போகாதீர்கள். ‘நல்ல கணவர்’ என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே ஏதோ மூச்சை அடைக்கிறது என்பதை யாராவது ஒரு மாணவி தன் சொந்த வார்த்தையில் சொல்லியே தீருவாள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பைப் பணத்தில் தொடங்குங்கள். 26ஆம் அத்தியாயத்தில் தனிவீடு போக எட்னாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தாய்வழிச் சொத்து, குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தது, ஓவியம் விற்றது. கரும்பலகையில் எழுதிவிட்டு, குடும்பச் சொத்தின் நிர்வாகம் அன்றைய லூசியானா சட்டப்படி கணவர் கையில் இருந்ததையும் சொல்லுங்கள். அடுத்து 32ஆம் அத்தியாயம்: மனைவி வீட்டை விட்டதும், ஊர் தன் வியாபாரத்தைச் சந்தேகிக்குமே என்று கவலைப்படும் லியோன்ஸ், வீட்டைப் புதுப்பிப்பதாகப் பத்திரிகையில் செய்தி வர வைக்கிறார். சுதந்திரம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசும் வகுப்பை இந்த இரண்டு இடங்களும் தரைக்குக் கொண்டுவரும்.

இன்னொரு கேள்வியை மறந்துவிடாதீர்கள்: எட்னா படம் வரையும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்? கறுப்பின, வெள்ளையினக் கலப்பில் பிறந்த தாதி ஒருத்தி. முதல் அத்தியாயத்திலேயே வருகிறாள், பெயர் கிடையாது. யாருடைய விழிப்பைப் பற்றிய நாவல் இது என்று அப்போது கேளுங்கள்.

முடிவை விவாதிக்க 6, 10, 39 அத்தியாயங்களை அருகருகே வைக்க வேண்டும். 10இல் முதன்முதலாக நீந்தும் எட்னா கரையைத் திரும்பிப் பார்த்துப் பயப்படுகிறாள். 39இல் அந்த இரவு நினைவுக்கு வந்தும் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். கடலின் குரல் ஆன்மாவை அழைக்கும் வாக்கியம் 6இலும் 39இலும் வருகிறது. தனிமையின் ஆழத்தில் ‘சிறிது நேரம்’ அலைய அழைப்பதாக முதலில் இருந்தது. இரண்டாம் முறை அந்தச் ‘சிறிது நேரம்’ இல்லை. என்ன குறைந்திருக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

39ஆம் அத்தியாயத்தில் கடலில் விழும் சிறகொடிந்த பறவையைக் காட்டி ‘தோற்றுவிட்டாள்’ என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். கடலுக்குப் போகுமுன் அவள் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறாளே, அதை என்ன செய்வது என்று கேளுங்கள். இந்த இடத்தில் உங்கள் கருத்தைச் சொல்லிவிடாதீர்கள். மதிப்பெண் போடுபவர் சொன்னதையே விடைத்தாளில் எழுதுவார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒதுக்கி வைத்த அந்தப் பழைய கேள்வியைக் கேட்கலாம். ஒரே நிபந்தனை: அத்தியாய எண்ணும் வாக்கியமும் காட்டாமல் யாரும் எட்னாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.